தீ நிற்கவில்லை: சாண எரிவாயுக் கலனுக்குக் கலப்புத் தீனி போட்ட ஓராண்டு

போன வைகாசியில் ஒரு காலை. அடுப்பைப் பற்றவைத்தேன். குப்பென்று பிடித்த தீ, அடுத்த நொடியே பர்னரை விட்டு எழும்பி அணைந்துவிட்டது. மறுபடி பற்றவைத்தேன், மறுபடியும் அதேதான். கேஸ் தீர்ந்துவிட்டதா என்று சுவரைப் பார்த்தால், கேஸின் அழுத்தம் பார்க்க ‘ப’ வடிவில் வளைத்து மாட்டிய டியூபில் நீர்மட்டம் இரண்டு பக்கத்துக்கும் 60 சென்டிமீட்டர் வித்தியாசம் காட்டியது. சாதாரண நாளில் காலையில் 45 இருந்தாலே நிறைவு. அன்று கலனில் கேஸ் நிரம்பி வழிகிறது, ஆனால் எரிய மறுக்கிறது. பால் காய்ச்ச விறகடுப்பை மூட்டிக்கொண்டே, இது எங்கே தவறியது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பக்கம். பாலக்காட்டு மாவட்டம் என்றாலும் வீட்டிலும் சந்தையிலும் தமிழ்தான். கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் மழை எங்களுக்கு வாய்க்காது. மேற்கே பெய்வதில் மிச்சம்தான் கிழக்குச் சித்தூருக்கு வரும். தென்னையும், மாடும், கொஞ்சம் நிலக்கடலையும் வைத்துப் பிழைக்கிற ஊர்.

கலன் மாமா கட்டியது. தீனபந்து வகை, நாளுக்கு 2 கன மீட்டர் கொள்ளளவு. அதற்கு முன்பு இந்தப் பக்கம் இருந்தவை இரும்பு டிரம் மேலும் கீழும் மிதக்கிற காதி வாரிய மாடல்தான். டிரம் துருப்பிடித்து ஓட்டையாகிப் பலர் கைவிட்டார்கள். 1984இல் வந்த தீனபந்துவில் இரும்புக்கு வேலையில்லை. செங்கல்லும் சிமெண்டும் கொண்டு மண்ணுக்குள் கவிழ்த்துவைத்த கூடைபோல ஒரு குவிமாடம், ஒரு பக்கம் சாணம் போகும் குழாய், மறுபக்கம் வெளியேறும் தொட்டி. அசைகிற பாகமே கிடையாது. மாமா கட்டிய கலனின் பூச்சு இன்றுவரை ஓரிடத்திலும் விடவில்லை.

ஆனால் அது ஐந்து மாட்டுக் கணக்கில் கட்டியது. 2 கன மீட்டர் கேஸ் வேண்டுமென்றால் நாளுக்கு 50 கிலோ பச்சைச் சாணமும் அதே அளவு தண்ணீரும் போக வேண்டும். ஒரு கிலோ சாணத்துக்கு ஏறக்குறைய 40 லிட்டர் கேஸ் என்பது கணக்கு. மாமா போன பிறகு மாடு இரண்டாகச் சுருங்கியது. கட்டுத்தறியில் கிடைப்பது 25 கிலோ. காட்டில் மேயும்போது போடுவது காட்டுக்கே போய்விடும். 25 கிலோவுக்கு 1,000 லிட்டர் கேஸ். எங்கள் பர்னர் மணிக்கு 450 லிட்டர் குடிக்கும். ஆக, இரண்டே கால் மணி நேரத்துக்குமேல் தீ கிடையாது. காலைச் சமையல் முடிந்ததோடு சரி. இரவுக்குச் சிலிண்டரைத் திறக்க வேண்டியதுதான்.

பாதிக் கலன் சும்மா கிடக்கிறதே, தோட்டத்துக் கழிவெல்லாம் அதற்குள் போகலாமே என்று தோன்றியது. தொடங்கியது பலாப்பழத்தில்.

கொல்லங்கோட்டில் என் சின்னம்மா மகன் பலாச் சுளை வறுவல் போட்டு விற்கிறான். சித்திரை, வைகாசியில் அவன் வீட்டு வாசலில் மட்டையும் சடையும் தண்டும் மலைபோல் குவியும். வறுவலுக்கு ஆகாமல் பழுத்துப்போனவை தனி. “அக்கா, வண்டி திரும்பும்போது சும்மாதான் வரும், போட்டு அனுப்பட்டுமா?” என்று கேட்டான். முதல் வாரம் நாளுக்கு 5 கிலோ, அரிவாளால் பொடியாக வெட்டிச் சாணத்தோடு கலந்து விட்டேன். மூன்றாம் நாளிலிருந்தே தீ நீண்டது. இரண்டே முக்கால் மணி நேரம் எரிந்தது. அந்த மகிழ்ச்சியில் அடுத்த வாரம் நாளுக்கு 20 கிலோ. அதில் பாதி கொழகொழவென்று பழுத்தது, தேன் சொட்டுகிற பழம். நான்கு நாள் அப்படிப் போட்டேன். ஐந்தாம் நாள்தான் மேலே சொன்ன காலை.

வெளியேற்றுத் தொட்டிக்குப் போய்க் குனிந்தேன். நல்ல கலனின் கழிவுக் கரைசலில் நாற்றமே இருக்காது, ஈரமண் வாசம்தான் வரும். அன்று பழைய கள்ளுப் பானையைத் திறந்ததுபோல் மூக்கைப் பிடுங்கும் புளிப்பு. நுரை வேறு பொங்கி நின்றது. அத்தை பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார்.

“கண்ணு, அந்தச் சிவப்பு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ப் பலாப்பழம் தின்ற அன்று அதன் வாயில் இதே வாசம்தான் வந்தது” என்றார்.

அந்தச் சொல்லில்தான் எனக்கு வழி கிடைத்தது. நான்கு வருடம் முன்பு அந்த மாடு கீழே விழுந்த பழங்களை வயிறு முட்டத் தின்றுவிட்டு, வயிறு உப்பி, அசைபோடாமல், கண் செருகிக் கிடந்தது. கால்நடை மருத்துவர் வந்து, வயிற்றுக்குள் அமிலம் ஏறிவிட்டது என்று சொல்லி ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினார். பலாக் காலத்தில் இந்தப் பக்கத்து மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் நோய் அது. மாட்டின் இரைப்பையில் வேலை செய்வதும் கலனுக்குள் வேலை செய்வதும் ஒரே வகை நுண்ணுயிர்க் கூட்டம்தான். சாணத்தோடு சேர்ந்துதானே அவை கலனுக்குள் போகின்றன. அதில் ஒரு கூட்டம் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக உடைக்கும். அதற்கு வேகம் அதிகம். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும். அது மெதுவாகத்தான் பெருகும், புளிப்பையும் தாங்காது. 20 கிலோ பழத்தைக் கொட்டியதும் முன்னது பாய்ந்து வேலை செய்துவிட்டது, பின்னது திணறிவிட்டது. மேலே நிரம்பியிருந்தது பெரும்பாலும் கரியமில வாயு. நல்ல சாண எரிவாயுவில் 55 முதல் 65 சதவீதம் மீத்தேன் இருக்கும். அது குறைந்தால் அழுத்தம் எவ்வளவு இருந்தாலும் தீ நிற்காது.

சித்தூரில் புளிப்பை அளக்கும் பி.எச். தாள் வாங்கிவந்து நனைத்துப் பார்த்தோம். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ஐந்தரை. 6.8க்கும் 7.5க்கும் நடுவில் இருக்க வேண்டியது.

மாட்டுக்குச் செய்த வைத்தியத்தையே கலனுக்கும் செய்தேன். முதலில் தீனியை நிறுத்தினேன், சாணம்கூடப் போடவில்லை. எரியாத கேஸைத் தோட்டத்தில் திறந்தவெளிக் குழாய்முனை வழியாக, பக்கத்தில் பீடி நெருப்புகூட இல்லாமல் பார்த்துக்கொண்டு, வெளியே விட்டோம். வெளியேற்றுத் தொட்டியிலிருந்து 400 லிட்டர் புளித்த கரைசலை மொண்டு எடுத்துக் குப்பைக்குழியில் பரப்பினோம். அதற்குப் பதிலாக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்துத் தோட்டத்துக் கலனிலிருந்து இருபது குடம் கழிவுக் கரைசல் வாங்கி உள்ளே விட்டோம். தயிருக்கு உறை குத்துவதுபோல; உயிருள்ள கூட்டம் அதில்தான் இருக்கிறது. பிறகு ஐந்து நாள், நாளுக்கு ஒரு கிலோ ஆப்பசோடாவை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து நுழைவுக்குழாயில் ஊற்றினேன்.

சுண்ணாம்பு மலிவு, அதைப் போடு என்று பலரும் சொன்னார்கள். சுண்ணாம்பும் புளிப்பை மாற்றும். ஆனால் அது மேலே நிற்கும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும். மூடிய குவிமாடத்தில் திடீரென்று வாயு குறைந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, எங்காவது இடுக்கு வழியே காற்றை இழுக்கும். அளவு மிஞ்சினால் அடியில் சுண்ணாம்புக் கல்லாகப் படியவும் செய்யும். கலக்கிக் கொடுக்க வழியில்லாத தீனபந்துவுக்குச் சோடாதான் பாதுகாப்பு என்பது என் முடிவு.

எட்டாம் நாள் பி.எச். 6.2. பன்னிரண்டாம் நாள் 6.6. அன்று தீ மஞ்சள் கலந்து நின்றது, அணையவில்லை. அதன் பிறகே 5 கிலோ சாணத்தில் மறுபடி தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை 5 கிலோ கூட்டினேன். மூன்றாம் வாரக் கடைசியில் பர்னரின் ஒவ்வொரு துளையிலும் நீல மொட்டு வந்து உட்கார்ந்தது. மெல்லிய இரைச்சல். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அத்தை உள்ளேயிருந்து, “வந்துவிட்டதா?” என்றார்.

இதற்குப் பிறகு எந்தப் புதுத் தீனியும் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் முதல் வாரத்தில் போவதில்லை. ஒரு வாரம் தீயையும் பி.எச். தாளையும் பார்த்த பிறகே கூட்டுவேன்.

ஆடியில் கோழி எச்சத்துக்கு வந்தேன். இங்கே பிராய்லர் கொட்டகைக்குப் பஞ்சமில்லை, மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஆனால் அது தென்னைநார்க் கழிவோடு கலந்த எச்சம். தென்னைநார் கலனுக்குள் பல வருடம் கிடந்தாலும் மக்காது, இடத்தை அடைக்கும். கொட்டகையில் மருந்து கொடுத்திருந்தால் அதுவும் கூடவே வரும். அதனால் கூண்டில் முட்டைக்கோழி வளர்க்கும் அண்ணன் ஒருவரிடம் கூண்டுக்கடியில் விழும் சுத்தமான எச்சத்தை மட்டும் கேட்டு வாங்கினேன். அதிலும் ஓட்டுத்தூளும் மணலும் உண்டு. ஒரு வாளியில் கரைத்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் கல்லெல்லாம் அடியில் தங்கிவிடும், மேலே உள்ளதை மட்டும் சாய்த்து ஊற்ற வேண்டும். முதல் நாள் வாளியடியில் ஒரு கைப்பிடி மணல் நின்றது. இது நாள்தோறும் உள்ளே போனால் கலன் சில வருடத்தில் மண்ணால் தூர்ந்துபோகும்.

கோழி எச்சத்தின் கேடு பலாவின் கேட்டுக்கு நேர் எதிர். அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிக அதிகம். நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு 20 முதல் 30 பங்கு கரிச்சத்து (கார்பன்) இருந்தால் ஒத்துப்போகும். மாட்டுச் சாணம் தானாகவே 25 அளவில் நிற்கிறது. கோழி எச்சத்தில் அது 10தான். நெல் வைக்கோலில் 70க்கும் மேல். எச்சத்தை மட்டும் போட்டால் மிஞ்சிய தழைச்சத்து அம்மோனியாவாக மாறி, கண்ணைக் கரிக்கும் நெடியோடு கூட்டத்தையே முடக்கிவிடும். காய்ந்த எடையில் ஒரு பங்கு எச்சத்துக்கு ஒன்றரைப் பங்கு வைக்கோல் சேர்த்தால் கணக்கு 22 அருகே வருகிறது. வைக்கோலின் கரிச்சத்து முழுவதும் நுண்ணுயிர்க்கு எட்டாது என்பதால் இதை ஒரு குத்துமதிப்பாகத்தான் கொள்ள வேண்டும். மாடு தின்று கழித்துத் தொட்டியில் விடும் வைக்கோல் மிச்சமே எங்களுக்கு அந்த அளவுக்குப் போதுமாக இருந்தது.

வைக்கோலை முதலில் முழத்துக்கு முழம் அப்படியே போட்டேன். அது பெரிய தவறு. பத்தே நாளில் கேஸ் பாதியாகக் குறைந்தது, பி.எச். மட்டும் சரியாக இருந்தது. வைக்கோல் மிதந்து, சாண நாரோடு பின்னி, கரைசலின்மேல் பாய் விரித்ததுபோல் ஏடு கட்டிவிட்டது. கீழே உண்டாகும் கேஸ் மேலே வர வழியில்லாமல் வெளியேற்றுத் தொட்டிப் பக்கமாகக் குமிழிட்டு வீணானது. நீண்ட மூங்கில் நுனியில் குறுக்குக் கட்டை கட்டி, நுழைவுக்குழாய் வழியே இறக்கி, மூன்று நாள் காலையும் மாலையும் ஐம்பது குத்துக் குத்தியபின் கொஞ்சம் கொஞ்சமாக ஏடு உடைந்து பொருக்குப் பொருக்காக வெளியே வந்தது. தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது.

இப்போது வைக்கோலைப் புல் வெட்டும் இயந்திரத்தில் கொடுத்து விரல் அகலத்துக்கு நறுக்குகிறேன். அதைத் தனித்தொட்டியில் போட்டு, கலனின் கழிவுக் கரைசலையே ஊற்றி ஐந்து நாள் ஊறவிடுகிறேன். மேலே வெண்பூஞ்சை படர்ந்து, கையால் இழுத்தால் நூல்போல் பிய்ந்துவரும் பதம் வந்த பிறகே கலவைத் தொட்டிக்குப் போகும். ஆட்டுப் புழுக்கைக்கும் இதே ஊறல் தேவை. காய்ந்த புழுக்கை மேலே மிதக்கும், உள்ளே கல்போல் இருக்கும். முதல் நாள் மாலை நீரில் போட்டுவிட்டால் காலையில் காலால் மிதித்ததும் மாவாகிவிடும்.

தண்ணீர் அளவில் பலர் ஏமாறுகிறார்கள். சாணத்துக்கு ஒன்றுக்கு ஒன்று சரி. புழுக்கையும் கோழி எச்சமும் அதைவிட வறட்சி. கிலோவுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். நான் கையை முக்கி எடுத்துப் பார்ப்பேன். தோசை மாவுக்கும் கொஞ்சம் இளக்கமாக, விரல் நுனியில் ஒரு நொடி தயங்கிச் சொட்ட வேண்டும். கட்டுத்தறி கழுவிய தண்ணீரையே கோமியத்தோடு சேர்த்துப் பயன்படுத்துகிறேன். பினாயிலோ சோப்பு நுரையோ கலந்த தண்ணீர் ஒரு சொம்புகூடப் போகக் கூடாது. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் சாணத்தையும் ஒரு வாரம் தனியே ஒதுக்கிவிடுகிறேன். மாட்டின் மடியில் கிருமியைக் கொல்லும் மருந்து கலனிலும் அதே வேலையைத்தான் செய்யும்.

ஐப்பசி முதல் எங்கள் நாள்தீனி இது: சாணம் 25 கிலோ, ஊறிய புழுக்கை 3 கிலோ, கோழி எச்சம் 3 கிலோ, அதற்கேற்ற வைக்கோல். தீ மூன்று மணி நேரத்தைத் தொட்டது. இரண்டு வேளைச் சமையலும் மாட்டுக்குத் தீவனம் வேகவைப்பதும் அதில் முடிகிறது. ஒரு கன மீட்டர் கேஸ் ஏறக்குறைய 430 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம். நாளுக்கு 1,350 லிட்டர் என்றால் மாதத்துக்கு 17 கிலோ; ஒரு முழுச் சிலிண்டருக்கும் மேலே.

கார்த்திகை பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வந்துவிடும். மலையாளிகள் விருச்சிகக் காற்று என்று சொல்வது. தென்னை ஓலையெல்லாம் ஒரே திசையில் படுத்துக்கிடக்கும், ராத்திரி குளிரும். மீத்தேன் தருகிற கூட்டத்துக்கு 35 டிகிரி வெப்பம் பிடித்தமானது. மண்ணுக்குள் இருக்கும் கலன் ஒரேயடியாகக் குளிர்ந்துவிடாது என்றாலும் தீ கால்மணி நேரம் குறைந்தது. விடியற்காலையில் சாணம் கரைக்கும் வழக்கத்தை மதியம் பன்னிரண்டு மணிக்கு மாற்றினேன், வெயிலில் வைத்த கறுப்பு டிரம் தண்ணீரில் கரைத்தேன், குவிமாடத்துக்கு மேலே வைக்கோல் போர்த்தினேன். குறைந்த கால்மணியில் பத்து நிமிடம் திரும்பக் கிடைத்தது.

தையில் ஒருநாள் தீ விட்டு விட்டுத் துள்ளியது, இருமுவதுபோல. கலனில் குறை தேடவே வேண்டாம், இது குழாய்க்குள் தண்ணீர் தங்கிய அடையாளம். கலனிலிருந்து வரும் கேஸ் ஈரமானது, ராத்திரிக் குளிரில் குழாய்க்குள் வியர்க்கும். தாழ்ந்த இடத்து வடிகுழாயைத் திறந்ததும் அரைச் சொம்பு தண்ணீர் வந்தது. அதே நாளில் பித்தளை வால்வு கறுத்து அரித்திருப்பதையும் பார்த்தேன். கோழி எச்சம் சேர்த்த பிறகு அழுகிய முட்டை வாசம் கொண்ட கந்தக வாயு கூடியிருக்கிறது. துருப்பிடித்த இரும்புச் சீவலை ஒரு பிளாஸ்டிக் குழாயில் அடைத்து நடுவில் இணைத்தோம். துரு அந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. கறுத்துப்போன சீவலை வெளியே எடுத்து, ஈரம் காயாமல் ஒரு நாள் காற்றாட வைத்தால் மறுபடி சிவந்து வேலைக்கு ஆகும். அப்போது அது சூடேறும், ஓலை, சருகு பக்கத்தில் வைக்கக் கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏட்டை உடைக்கவோ மண்ணை அள்ளவோ எவரும் கலனுக்குள் இறங்கக் கூடாது. காலியாகத் தெரிந்தாலும் கூடாது. உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்காது. கந்தக வாயு மிகுந்தால் மூக்கு முதலில் மரத்துவிடும், அப்புறம் நாற்றமே தெரியாது. ஒருவர் விழுந்தால் காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் விழுவார். கசிவைத் தேடச் சோப்பு நுரைதான், தீக்குச்சி ஒருபோதும் இல்லை. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும். காலியாக்கி மறுபடி நிரப்பிய கலனின் முதல் கேஸில் காற்று கலந்திருக்கும். அதை அடுப்புக்கு விடாமல் வெளியே விட்டுவிட வேண்டும்.

கழிவுக் கரைசல் முழுவதும் கோ-4 தீவனப்புல்லுக்கும் தென்னை வட்டப்பாத்திக்கும் போகிறது. தழைச்சத்து கேஸாகப் போய்விடுவதில்லை, கரைசலிலேயே தங்குகிறது. பாத்தியில் ஊற்றிய மூன்றாம் வாரம் புல் கருத்து நின்றது. அத்தை அந்தப் பக்கத்துப் புல்லைத்தான் முதலில் அறுத்துச் சிவப்பு மாட்டுக்குப் போடுகிறார்.

பங்குனி நடக்கிறது. நேற்றுக் கொல்லங்கோட்டிலிருந்து தம்பி அழைத்தான். “அக்கா, சீசன் தொடங்கிவிட்டது. இந்தத் தடவை எத்தனை மூட்டை வேண்டும்?”

நாளுக்கு 3 கிலோ, ஏழு நாளுக்கு 21 கிலோ என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். “வாரத்துக்கு ஒரே ஒரு மூட்டை. மட்டையும் சடையும் மட்டும். பழுத்தது வேண்டாம்” என்றேன்.